கிரீன்விச்சில் பிறந்தவர்கள்

ஜனவரி 3, ஞாயிறு

இந்த நாட்குறிப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். யாரையும் காப்பாற்ற மாட்டேன். யாரையும் குறை சொல்லவும் மாட்டேன். நாட்குறிப்பு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்துக்குள்ளேயே பொய் சொல்லத் தொடங்கிவிடுவார்கள் என்று தமிழம்மா வகுப்பில் சொன்னார். நான் அந்தப் பெரும்பாலோரில் ஒருத்தி இல்லை என்பது ஆண்டு முடியும்போது தெரிந்துவிடும்.

என் பெயர் மரகதம். ஒன்பதாம் வகுப்பு. ஊர் அம்பாசமுத்திரம். அப்பா ஆவுடையப்பன் கணினி ஜோதிட நிலையம் நடத்துகிறார். எங்கள் வீட்டு முன்னறைதான் நிலையம். பிறந்த தேதியும் நேரமும் சொன்னால் கணினி ஜாதகம் அச்சிட்டுத் தரும். கல்யாணப் பொருத்தமும் பார்க்கும். அப்பாவுக்குக் கையால் கணிக்கத் தெரியாது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், வெளியே யாருக்கும் தெரியாது. உண்மையை எழுதுவேன் என்று சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

அக்கா காந்திமதிக்கு இருபத்தேழு வயது. தை மாதக் கடைசியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை செண்பகராமன், தென்காசியில் ஒரு மருந்து மொத்தக் கடையில் மேலாளர். இதற்கு முன் வந்த மூன்று வரன்களை எங்கள் கணினியே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இவருக்குத்தான் பத்துக்கு எட்டுப் பொருத்தம் கொடுத்தது. தினமும் மாலையில் அக்கா காயப்போட்ட துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போகிறாள், கைப்பேசியோடு. நான்கு பேர் துணியை எடுக்க ஒரு மணி நேரம் ஆகிறது.

சீருடை தேய்த்தேன். கணக்கு வீட்டுப்பாடம் முடித்தேன்.

ஜனவரி 5, செவ்வாய்

காலையில் கணினி எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், இயக்க அமைப்பு காணப்படவில்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"காணலையா? நேத்து சாயங்காலம் இங்கனதான இருந்துச்சு?" என்றார் அப்பா.

அம்மா திருநீறு கொண்டுவந்து திரையில் பூசினாள். எழுத்து மங்கலானது. மற்றபடி மாற்றம் இல்லை.

மாலையில் பஜாரிலிருந்து ஜெபசிங் அண்ணன் வந்தார். ஊரில் பழுதாகும் கணினிகளை எல்லாம் அவர்தான் பார்ப்பார். மின்சாரம் ஏறி இறங்கியதில் உள்ளே இருந்த இயக்க அமைப்பு அழிந்துவிட்டது, பெட்டிக்கு ஒன்றுமில்லை என்றார்.

"மெசினு வாங்கும்போது கம்பெனில மூணு சிடி குடுத்திருப்பாவளே அண்ணாச்சி, ரெக்கவரி சிடின்னு. அதப் போட்டா எந்திரிச்சிரும்."

"அதுல என்னடே இருக்கு?"

"கம்பெனில இருந்து வந்தன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கிரும். நீங்க உள்ள சேத்து வச்சதெல்லாம் போயிரும். புதுசாப் பொறந்த மாதிரி."

"அந்த சிடி கிடைக்கலைன்னா?"

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு. ஒரு மணி நேரத்துல போட்டுருதேன்."

"அது ஒரிஜினலா?"

"ஒரிஜினல்ல இருந்து எடுத்ததுதான்."

"அதுக்குப் பேரு என்னடே?"

"அதுக்கும் சிடின்னுதான் பேரு, அண்ணாச்சி."

அப்பா எழுந்து நின்றுவிட்டார். இது தெய்வ காரியம், திருட்டு சிடியில் கிரகம் எப்படிச் சரியாக நிற்கும், பலன் தப்பினால் பாவம் யாருக்கு என்று கேட்டார். ஜெபசிங் அண்ணன் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அப்பாவை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜனவரி 7, வியாழன்

வீடு முழுக்கத் தேடினோம். அரிசிப் பானைக்குள்கூட அப்பா கையை விட்டுப் பார்த்தார். அக்கா தன் பீரோவைத் தானே தேடிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். அந்த மூன்று வட்டுகள் மட்டும் இல்லை. ஜாதகம் போடும் 'கிரகமாலை' மென்பொருளின் வட்டு அதன் கையேட்டோடு பத்திரமாக இருந்தது. கையேட்டின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவே இல்லை. எங்கள் வீட்டில் ஒரு புத்தகம் நான்கு ஆண்டுகளாகப் படிக்கப்படாமல் இருந்திருக்கிறது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 9, சனி

தொலைந்த பொருள் எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கிரகமாலையில் ஒரு வசதி உண்டு. ஆனால் அதற்குக் கணினி ஓட வேண்டும். ஆகவே அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ஆற்றுப் பாலத்தைக் கடந்து கல்லிடைக்குறிச்சிக்குப் போனார். அங்கே சோழி உருட்டிச் சொல்கிற ஒருவர் இருக்கிறார். அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தனக்கு சிமெண்ட் வியாபாரம் என்று சொன்னார். அவர் சோழிகளை உருட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

"பொருளு நீர் ராசில நிக்கி. பொம்பள கையால போயிருக்கு. திரும்பி வராது."

பாலத்தில் திரும்பி நடக்கும்போது அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "பாத்தியாட்டி? குத்துமதிப்பா அடிச்சு விடுதான். கையால கணிச்சா இப்படித்தான். நம்ம மெசினு ஒருநாளாவது இப்படிப் பேசிருக்கா?"

வீட்டில் இதைச் சொல்லிக் காட்டினார். அம்மா சாம்பாருக்கு இரண்டாவது முறை உப்புப் போட்டாள்.

ஜனவரி 10, ஞாயிறு

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னது: "ஆயுத பூசைக்கு உங்க அப்பாதான் அந்த மூணு தட்டுக்கும் சந்தனம் குங்குமம் வச்சாவ. பளபளன்னு இருக்குமே, அந்தப் பக்கத்துல. காஞ்சு அப்பிக்கிட்டு. தேச்சாக் கீறுது. பூசைல வச்சதக் குப்பைல போட முடியுமா? மறுநா பூவையும் வாழைக்கன்னையும் ஆத்துல விடப் போனேன்லா, அதோட சேத்து விட்டுட்டேன்."

"மூணையுமா?"

"ஒண்ணு ஒண்ணாவா விடுவாவ?"

அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். சொல்ல மாட்டேன். எழுதுவது சொல்வது ஆகாது.

ஆக, எங்கள் இயக்க அமைப்பு தாமிரபரணியில் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சிக்காரர் சொன்னதோடு இது ஒத்துப்போவது தற்செயல்தான். அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார், அவரிடம் சொல்ல முடிந்திருந்தால்.

ஜனவரி 11, திங்கள்

கம்பெனிக்குப் போன் செய்தால் புது வட்டுகள் அனுப்புவார்கள் என்று ஜெபசிங் அண்ணன் சொல்லியனுப்பினார். அதற்குப் பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் எண் வேண்டும். எண் இருந்த இடத்தில் நான்கு ஆயுத பூஜைகளின் சந்தனம் அடுக்கடுக்காக இருந்தது. தேங்காய் எண்ணெய் ஊற்றி, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். கடைசி எழுத்து எட்டா, பி-யா என்று நானும் அக்காவும் வாதாடினோம். எட்டு என்று முடிவானது.

ஜனவரி 12, செவ்வாய்

நான்தான் ஆங்கிலத்தில் பேசினேன். பள்ளிக்கு அரைநாள் விடுப்பு. வெகு நேரம் பாட்டு ஓடிய பிறகு ஓர் ஆண் குரல் வந்தது. அவர் வணக்கம் சொல்வதற்குள் நான் "யூ ஆர் வெல்கம்" என்று சொல்லிவிட்டேன். பதற்றம்தான் காரணம், எனக்கு எது முதலில் வர வேண்டும் என்று தெரியும்.

எண் சரியாக இருந்தது. ஆனால் வட்டுகளைப் பதிவான உரிமையாளர் கேட்டால்தான் தருவார்களாம். விற்ற கடைக்காரர் உரிமையாளர் பெயரை எப்படிப் பதிந்திருக்கிறார் என்றால், முதல் பெயர் ஜோதிட, குடும்பப் பெயர் நிலையம். "மிஸ்டர் நிலையம் பக்கத்தில் இருக்கிறாரா?" என்று அவர் கேட்டார்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு வாங்கினார். "எஸ். நிலையம் ஸ்பீக்கிங்."

அப்பா பொய் சொன்னதாக இதை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அவர் இல்லாவிட்டால் நிலையமும் இல்லை. ஆகவே பொய் இல்லை.

வட்டு வர இரண்டு வாரம் ஆகும்.

ஜனவரி 14, வியாழன்

பொங்கல். கரும்பு கடித்ததில் பல் ஆடுகிறது.

ஜனவரி 19, செவ்வாய்

முகூர்த்த மாதம் என்பதால் பொருத்தம் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கணினி கெட்டிருக்கிறது என்று அப்பா யாரிடமும் சொல்லவில்லை. "சூரியன் இப்பத்தான் வடக்க திரும்பிருக்கான். கொஞ்சம் நிலைக்கட்டும், மாசக் கடைசில வாங்க," என்கிறார். வந்தவர்கள் அவசரப்பட்டு வேறு இடம் போகாமல், இவ்வளவு பொறுப்பாகப் பார்க்கிறாரே என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஜனவரி 24, ஞாயிறு

கைலாசம் மாமா வந்திருந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமா. அவர் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம் என்று அக்கா முன்பே சொல்லியிருக்கிறாள். வெற்றிலையை மடித்துக்கொண்டே பேசினார்.

"எங்க குடும்பத்துல நிச்சயத் தட்டுல பொருத்தத் தாளை வைக்கணும். நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி வைப்போம். நீங்க வாயால எட்டுன்னு சொன்னிய, சந்தோசம். தாளு எங்க?"

பொருத்தம் பார்த்த அன்றைக்கு அச்சுப்பொறியில் மை தீர்ந்திருந்தது. அப்பா, தந்துவிடுவோம் என்றார்.

"தாளு வந்தாத்தான் தட்டு. வருத்தப்படாதிய. எங்க அக்கா கல்யாணத்துலயே தாளு இல்லைன்னு பந்தில இருந்து எந்திரிச்ச ஆளு நானு."

அவர் போனதும் அக்கா என்னிடம் வட்டு எப்போது வரும் என்று கேட்டாள். இரவு சாப்பிடும்போது மறுபடி கேட்டாள். பிறகு ரசத்தைப் பார்த்துக்கொண்டு, யாரையும் கேட்காததுபோல் கேட்டாள்.

ஜனவரி 29, வெள்ளி

வந்துவிட்டது! மூன்று வட்டுகள், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கினார். "ஏ பூரணம், சந்தனம் கொண்டா," என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒண்ணும் வேண்டாம்!" என்று அம்மா அடுக்களையிலிருந்து கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

உறையோடு சாமி படத்தின் கீழே வைத்திருக்கிறோம்.

ஜனவரி 30, சனி

ஜெபசிங் அண்ணன் மூன்று வட்டுகளையும் போட்டு முடித்தார். கணினி எழுந்தது. அதில் இருந்த பழைய ஜாதகங்கள் எல்லாம் போய்விட்டன. அடுத்துக் கிரகமாலையை நிறுவ வேண்டும். அவர் தட்டத் தொடங்கியதும் நான் தடுத்தேன். இந்த மூன்று வாரத்தில் கையேட்டை இரண்டு முறை படித்திருக்கிறேன்.

பதினேழாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: நிறுவும்போது ஊரும் நேர மண்டலமும் தரப்படாவிட்டால், மென்பொருள் இங்கிலாந்தில் உள்ள கிரீன்விச்சையும் அதன் நேரத்தையும் எடுத்துக்கொள்ளும்.

என் நிலப்படப் புத்தகத்தைப் பார்த்து அம்பாசமுத்திரத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை நிரப்பினேன். நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினேன்.

"போன தடவை இதை நிரப்பினாங்களாப்பா?" என்று கேட்டேன்.

"அந்தக் கடைக்காரன் பேசிக்கிட்டே டபடபன்னு தட்டிட்டுப் போனான். ஏன்?"

"சும்மாதான்ப்பா."

ஜனவரி 31, ஞாயிறு

அப்பா விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தார். புதிதாகப் பிறந்த கணினியில் முதல் பொருத்தம் அக்காவுடையதாக இருக்கட்டும் என்றார். இருவரின் விவரங்களையும் தட்டினார். பத்துக்கு மூன்று வந்தது. ரஜ்ஜு இல்லை. மற்றது எது இல்லாவிட்டாலும் ரஜ்ஜு இருக்க வேண்டும், அது மாங்கல்ய பலம் என்று வருகிறவர்களிடம் அப்பாவே சொல்வார்.

அழித்துவிட்டு மறுபடி தட்டினார். மூன்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார். மூன்று.

அப்போது நான் விளக்கினேன். ஒரு நாரத்தங்காயைப் பூமியாக வைத்துக்கொண்டேன். இந்த நான்கு ஆண்டுகளாக நம் கணினி, இந்த ஊரில் பிறந்த எல்லோரும் கிரீன்விச்சில் பிறந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறது. இங்கே காலை ஆறு மணிக்குப் பிறந்த குழந்தை, அதன் கணக்குப்படி நம் நேரம் பதினொன்றரைக்குத்தான் பிறக்கும். அதற்குள் சந்திரன் நகர்ந்துவிடும். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நட்சத்திரமே மாறிவிடும். இப்போதுதான் முதல்முறையாகச் சரியாகக் கணிக்கிறது.

அப்பா வெகு நேரம் நாரத்தங்காயையே பார்த்துக்கொண்டிருந்தார். என் விளக்கம் அவ்வளவு தெளிவாக இருந்திருக்க வேண்டும்.

"ஏட்டி, இத யாருட்டயாவது சொன்னியா?"

"இல்லப்பா."

"ஒரிஜினல் சிடி, ஒரிஜினல் சிடின்னு நின்னேன் பாரு," என்றார்.

எந்த வட்டைப் போட்டிருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும், ஊரை நிரப்பியதுதான் காரணம் என்று அவரைத் திருத்தினேன். "தெரியும்ட்டி," என்றார்.

பிப்ரவரி 1, திங்கள்

நாளிதழ்களில் தவறு நேர்ந்தால் மறுநாள் திருத்தம் வெளியிடுவார்கள். அதுபோல் நாமும் ஓர் அறிவிப்பு வைக்கலாம் என்று தோன்றியது. எழுதி அப்பாவிடம் கொடுத்தேன்: 'கடந்த நான்கு ஆண்டுகளில் இங்கே பொருத்தம் பார்த்துத் திருமணம் செய்துகொண்ட தம்பதியர், அருள்கூர்ந்து மீண்டும் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளவும்.'

அப்பா படித்தார். "நல்லா எழுதிருக்க. எழுத்துப்பிழையே இல்ல." மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சட்டை நேற்றுத்தான் துவைத்தது. ஆனாலும் அம்மா அதை இன்றே மறுபடி துவைத்துவிட்டாள். பையைப் பார்க்க மறந்துவிட்டாளாம்.

பிப்ரவரி 2, செவ்வாய்

சோதித்துப் பார்ப்பதற்காக அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பொருத்தம் போட்டேன். பத்துக்கு இரண்டு.

"ரெண்டா? என்னென்ன ரெண்டு?" என்று அம்மா வெண்டைக்காயும் அரிவாள்மணையுமாக முன்னறைக்கே வந்துவிட்டாள்.

"மகேந்திரமும் வேதையும்மா. மகேந்திரம்ங்கிறது பிள்ளைப்பேறு."

"அது சரிதான், ரெண்டு கெடக்கே. இருபத்தெட்டு வருசம் கழிச்சு இப்ப வந்து சொல்லுதாக்கும் பொட்டி! முன்னாலயே சொல்லிருந்தா நான் சங்கரன்கோவில்ல இருந்திருப்பேன்."

"சங்கரன்கோவில்ல யாரு?" என்றார் அப்பா.

அம்மா சிரித்துக்கொண்டே நறுக்கினாள். அப்பா அதை இன்னும் இரண்டு முறை கேட்டார். சோற்றுக்கு உட்காரும்போதும் கேட்டார்.

பிப்ரவரி 3, புதன்

அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவள் அழவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "பாபநாசம் மாப்பிள்ளைக்கு இப்பப் போட்டா என்ன வருதுன்னு பாரு," என்றாள்.

பாபநாசத்தார் முதலில் வந்த வரன். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு பேச்சு தொடங்கியது. கணினி வாங்கியதும் அதில் பார்த்து வேண்டாம் என்றார்கள். விவரமெல்லாம் அழிந்துவிட்டதே என்றேன். அக்கா அவருடைய பிறந்த தேதி, நேரம், நிமிடம் எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொன்னாள். அக்காவுக்கு ஞாபகசக்தி அதிகம். இதைப் படிப்பில் காட்டியிருக்கலாம்.

ஒன்பது வந்தது.

"ஒம்பதா," என்றாள். "அவருக்கு இப்ப ரெட்டைப் பிள்ளை."

சுட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, "இந்த ஊரைப் போட்டியே, அத எங்கன போய் மாத்தணும்? யாரு வேணும்னாலும் மாத்தலாமா?" என்று கேட்டாள்.

அமைப்பு என்பதைத் திறக்க வேண்டும், ஊர் என்ற கட்டத்தைத் தட்ட வேண்டும் என்று படிப்படியாகக் காட்டினேன். இரண்டு முறை செய்து பார்த்தாள். அக்கா கணினிப் பாடத்தில் இவ்வளவு ஆர்வம் காட்டி நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 4, வியாழன்

காலையில் பார்த்தால் ஊர் கிரீன்விச் என்று இருந்தது. மாற்றி அம்பாசமுத்திரம் என்று வைத்தேன்.

மாலையில் அம்மா, லண்டனை இங்கிலீசில் எப்படி எழுதுவது என்று கேட்டாள். எதற்கு என்றேன். பொதுஅறிவுக்கு என்றாள். பள்ளிப் பையை அடுக்கிக்கொண்டிருந்ததால் பிறகு சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 5, வெள்ளி

காலையில் ஊர் என்ற கட்டத்தில் லண்டன் என்று தப்புத்தப்பான ஆங்கில எழுத்துகளில் இருந்தது. மாற்றினேன். மாலையில் பள்ளி விட்டு வந்து பார்த்தால் அந்தக் கட்டமே காலியாக இருந்தது. காலியாக விட்டாலும் அது கிரீன்விச்தான். அப்பாவின் கண்ணாடி விசைப்பலகைமேல் இருந்தது. ஊரை மறுபடி நிரப்பினேன். இந்த மென்பொருளில் ஏதோ கோளாறு இருக்கிறது. ஊர் தானாகவே மாறிவிடுகிறது.

இதைச் சாப்பிடும்போது சொன்னேன். யாரும் வியப்படையவில்லை. அப்பா மோர் கேட்டார். அம்மா ஏற்கெனவே மோர் இருந்த தம்ளரில் மோர் ஊற்றினாள்.

அக்கா இன்று துணி எடுக்க மாடிக்குப் போகவில்லை. கைப்பேசி அடித்து அடித்து நின்றது. படுக்கையை விரிக்கும்போது என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"நீ ஏன்ட்டி இப்படி இருக்க?"

"எப்படி?"

"சரியா."

இது பாராட்டு இல்லை என்று மட்டும் புரிந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் அசையவில்லை. தூங்குகிறவர்களின் தோள் கொஞ்சமாவது அசையும்.

பிப்ரவரி 6, சனி

நாளை நிச்சயதார்த்தம். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். வாழையிலைக்குச் சொல்லிவிட்டு வந்தேன். பல் விழுந்துவிட்டது.

மத்தியானம் கைலாசம் மாமா வந்தார். அப்பா நாளைக்கே தாளைத் தட்டில் வைத்துவிடலாம் என்றார். மாமா நாற்காலியை இழுத்துக் கணினிக்கு நேராகப் போட்டுக்கொண்டார்.

"மறைக்காம சொல்லிருதேன். எங்க ஊரு ஜோசியரு நேத்து கையால கணிச்சுப் பாத்துட்டு பத்துக்கு மூணுதாங்காரு. ரஜ்ஜுவும் இல்லைங்காரு."

காபி கொண்டுவந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளறையில் அக்காவின் வளையல் சத்தம் நின்றது.

"நான் நம்பலை," என்றார் மாமா. "வயசான மனுசன், கண்ணு தெரியாம எதையாவது மாத்திக் கூட்டிருப்பாரு. மனுசன் தப்புப் பண்ணுவான், மெசினு பண்ணாது. எம் முன்னால ஒருக்காப் போட்டுக் காட்டுங்க. எட்டுன்னா நாளைக்குத் தட்டு மாத்துவோம். மூணுன்னா நான் இப்படியே எந்திரிச்சுப் போயிருவேன். நம்ம மாப்பிள்ளை செண்பகம், இந்தப் பொண்ணுதான் வேணும்னு நேத்துல இருந்து சோறு திங்காம மொறண்டு பிடிக்கான், அவனுக்கும் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

அப்பா சட்டைப் பையைத் தடவினார். இடுப்பைத் தடவினார். "கண்ணாடிய எங்கனயோ வச்சிட்டேன். மரகதம், நீ போடு." கண்ணாடி அவர் நெற்றியில்தான் இருந்தது. மாமாவும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

நான் உட்கார்ந்தேன். நேற்று மாலை நான் வைத்தபடியே ஊர் அம்பாசமுத்திரம் என்று இருந்தது. வீட்டில் யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. அமைப்பைத் திறந்தேன்.

"அது என்ன கட்டம்மா?" என்று மாமா எட்டிப் பார்த்தார்.

"அமைப்பு மாமா. ஒவ்வொரு தடவையும் கணிக்கறதுக்கு முன்னால சரிபார்த்துக்கணும்னு கையேட்டுல போட்டிருக்கு."

இது உண்மை. கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

"பாத்தியளா, பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு!" என்று அவர் அப்பாவிடம் திரும்பிச் சொன்னார். அந்த நேரத்தில் சரிபார்த்தேன். பிறகு இருவரின் விவரங்களையும் தட்டினேன். அச்சுப்பொறி தாளை இழுத்துக்கொண்டு உள்ளே போய் வெகு நேரம் யோசித்தது. அப்பா சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

தாள் வந்தது. எட்டு என்று இருந்தது.

மாமா விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். "ரஜ்ஜு?"

"இருக்கு மாமா."

"அப்பாடி!" தொடையில் தட்டிக்கொண்டார். "மெசினுன்னா மெசினுதான். நாளைக்கே போயி அந்தக் கிழவன நாலு வார்த்தை கேக்கேன்."

உள்ளறையில் ஏதோ பாத்திரம் உருண்டது. ஆறிய காபியை அம்மா மாமாவிடம் கொடுத்தாள். அவர் சந்தோஷத்தில் அதையும் குடித்துவிட்டு, தன் பேத்திக்கும் ஒரு ஜாதகம் போட்டுத் தரச் சொன்னார். மார்கழியில் திருநெல்வேலியில் பிறந்த குழந்தை. அதற்கு முன் அமைப்பை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டியிருந்தது. குழந்தை ரொம்பச் சின்னது. அதற்கு எல்லாம் சரியாக இருக்கட்டும் என்று பட்டது.

அவர் போன பிறகு அப்பா கணினியைத் துணி போட்டு மூடினார். அக்கா சீப்பை எடுத்துக்கொண்டு வந்து என் பின்னால் உட்கார்ந்து, நான் கேட்காமலே தலை வாரிவிட்டாள். ரொம்ப இறுக்கிப் பின்னினாள். வலித்தது. பின்னி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. அப்புறம் எழுந்து துணி எடுக்கப் போனாள். இன்று கொடியில் துணியே இல்லை.

அறிவிப்பை மறுபடி எழுதித் தரட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "கல்யாணம் முடியட்டும்," என்றார். முடிந்த பிறகு கேட்டால், ஒரு பிள்ளை பிறக்கட்டும் என்பார் என்று நினைக்கிறேன். நான் கேட்பேனா என்று தெரியவில்லை.

இன்றைக்கு நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறேன். தாளில் எட்டு என்று இருந்தது. எட்டு என்று எழுதியிருக்கிறேன். எந்த ஊர் நேரம் என்று மாமா கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இந்தக் கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பா வாசலில் வந்து நின்றார்.

"இன்னும் என்னட்டி எழுதுத?"

"இன்னைக்கு நடந்ததைப்பா."

"எல்லாத்தையுமா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என் கையில் இருந்த பேனாவைப் பார்த்தார். விளக்கு அணைக்கப்பட்டது. யார் அணைத்தது என்று எழுதவில்லை.